நோன்பு இருக்கட்டும், வெயில் வேண்டாம்



சென்ற ரமளானின் கடைசிப் பத்தில் ஒரு பிற்பகல். லுஹர் தொழுது அரை மணி நேரம் ஆகியிருக்கும். பெருமாநல்லூர் நால்ரோட்டிலிருந்து சற்றுத் தள்ளி, நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். மாவட்ட அளவிலான 5,000 மீட்டர் ஓட்டத்துக்கு மூன்று வாரமே மீதமிருந்தது. பனியன் கம்பெனியில் அயர்னிங் செக்‌ஷனில் வேலை பார்ப்பவர் அவர். ரமளானை முன்னிட்டு அரை ஷிப்ட்டோடு விட்டுவிடுகிறார்கள் என்பதால், கிடைத்த நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று கம்பெனியிலிருந்து நேராக ஓடப் போயிருந்தார். ஸஹருக்குப் பின் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காலை முழுவதும் நீராவிப் பெட்டியின் முன் நின்ற உடம்பு.

சாலையோர டீக்கடை ஒன்றின் அருகே அவர் தள்ளாடி விழுந்தார். கடைக்கார அண்ணன் ஓடிவந்து, நிழலுக்கு இழுத்துப்போட்டு, குடம் தண்ணீரைத் தலையிலும் கழுத்திலும் கவிழ்த்தார். செய்தி கேட்டு நாமும் போய்ச் சேர்ந்தோம். அதன் பிறகு நடந்ததைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அண்ணன் ஒரு டம்ளர் உப்புச் சர்க்கரைக் கரைசலை நீட்டினார். அந்த இளைஞர் தலையை ஆட்டி மறுத்தார். நாக்கு குழறியது, என்ன கிழமை என்று கேட்டதற்குச் சரியாகப் பதில் வரவில்லை, ஆனாலும் நோன்பு, நோன்பு என்பது மட்டும் வாயில் வந்துகொண்டிருந்தது. சுற்றி நின்ற நம்மில் சிலர், பிள்ளை மறுக்கிறானே, எப்படிக் கொடுப்பது என்று தயங்கினோம். ஐந்து நிமிடம் இருக்கும். கடைசியில் ஒரு பெரியவர் வந்து அதட்டி, குடிக்க வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோனார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தார்.

அன்றைய இஃப்தாரில் கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பலர் பேசியது இன்னும் நம் காதில் இருக்கிறது. உச்சி வெயிலில் நோன்போடு ஓடினான், தண்ணீரைக் கொடுத்தும் வாங்கவில்லை, ஈமான் என்றால் அது என்றார்கள். நாமும் அப்போது தலையாட்டினோம். இப்போது ரமளான் முடிந்து, கத்திரி வெயிலும் தொடங்கிவிட்டது. பள்ளி, கல்லூரி விடுமுறையில் நம் பிள்ளைகள் பலர் அடுத்தடுத்த போட்டிகளுக்காக மைதானத்துக்குப் போகிறார்கள். அந்தத் தலையாட்டலை இனியும் மனத்தில் வைத்துக்கொண்டிருப்பது சரியல்ல என்பதால் இதை எழுதுகிறோம்.

ஸஹீஹுல் புகாரியில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. நபி (ஸல்) அவர்கள் உரை நிகழ்த்திக்கொண்டிருக்கும்போது ஒரு மனிதர் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்தார்கள். விசாரித்தபோது, அவர் பெயர் அபூ இஸ்ராயீல் என்றும், உட்காருவதில்லை, நிழலுக்கு ஒதுங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, நோன்பு நோற்பது என்று நேர்ந்துகொண்டிருக்கிறார் என்றும் தோழர்கள் சொன்னார்கள். அவரைப் பேசச் சொல்லுங்கள், நிழலுக்கு வரச் சொல்லுங்கள், உட்காரச் சொல்லுங்கள், நோன்பை மட்டும் நிறைவு செய்யச் சொல்லுங்கள் என்ற கருத்தில் நபியவர்கள் கட்டளையிட்டார்கள்.

இந்த ஹதீஸை நாம் நேர்ச்சை பற்றிய பாடத்தில்தான் வழக்கமாகக் கேட்கிறோம். ஒரு விளையாட்டு வீரனின் அத்தாவாக, அம்மாவாக இருந்து இதைக் கேட்டுப் பாருங்கள். அந்த மனிதர் நான்கு காரியங்களை ஒன்றாக முடிச்சுப்போட்டு, எல்லாமே இபாதத் என்று நம்பியிருந்தார். நபியவர்கள் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். நோன்பு இபாதத், அது இருக்கட்டும். வெயிலில் நிற்பது இபாதத் இல்லை, அது போகட்டும். சர்வீஸ் ரோட்டில் விழுந்த நம் பிள்ளையும் அதே முடிச்சைத்தான் போட்டிருந்தார். அவரைப் பாராட்டிய நாம் அதை இன்னும் இறுக்கினோம்.

வெயில் கடுமையாகும்போது தொழுகையைக்கூட வெப்பம் தணியும் வரை தாமதப்படுத்தச் சொன்ன மார்க்கம் இது. அபூதர் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக புகாரியில் வருகிறது: லுஹருக்கு பாங்கு சொல்ல முஅத்தின் எழுகிறார், சற்றுத் தணியட்டும் என்று நபியவர்கள் நிறுத்துகிறார்கள். மீண்டும் எழுகிறார், மீண்டும் நிறுத்துகிறார்கள். மணற்குன்றுகளின் நிழல் நீள்வதைத் தாங்கள் பார்க்கும் வரை அப்படியே காத்திருந்ததாக அவர் சொல்கிறார். இன்று நம் பள்ளிவாசல்களில் மின்விசிறியும் சில இடங்களில் ஏசியும் இருப்பதால் இந்தச் சுன்னத்தின் அருமை நமக்குப் புரிவதில்லை. ஃபர்ளான தொழுகையே வெயில் தணியக் காத்திருந்தது என்றால், பன்னிரண்டரைச் சுற்று ஓட்டம் காத்திருக்கக் கூடாதா?

வெயில் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. ஓடுகிறவரின் தசைகள் உண்டாக்கும் சக்தியில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளிவருகிறது. அந்தச் சூட்டை இரத்தம் தோலுக்குக் கொண்டுவருகிறது, வியர்வை ஆவியாகி அதை வெளியேற்றுகிறது. கடும் வெயிலில் ஓடும்போது மணிக்கு ஒரு லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர் வரை வியர்வை போகலாம். அவ்வளவும் இரத்தத்தின் நீரிலிருந்து வருவது. நீர் குறையக் குறைய, தசைக்கும் தோலுக்கும் ஒருசேர இரத்தம் அனுப்ப இதயம் திணறுகிறது. உடல் எடையில் இரண்டு சதவீத அளவு நீர் குறைந்தாலே ஓட்டம் மங்கத் தொடங்கும். உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறி, புத்தி தடுமாறினால் அது வெப்ப மயக்கத்தைத் தாண்டிய வெப்பவாதம், உயிருக்கு ஆபத்து. வியர்வை நின்றுபோனால்தான் ஆபத்து என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஓட்டத்தில் விழுகிறவர்களுக்கு வியர்வை வழிந்துகொண்டே இருக்கும்போதும் வெப்பவாதம் வந்துவிடும். முதல் வேலை, கிடைக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி, விசிறி, பனிக்கட்டி இருந்தால் வைத்து, உடம்பைக் குளிரவைப்பதுதான். ஆட்டோ தேடுவது அதற்குப் பிறகு. அந்த டீக்கடை அண்ணன் எந்த வகுப்பிலும் படிக்காமலே சரியானதைச் செய்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

புத்தி தடுமாறிய நிலையில் ஒருவர் தண்ணீர் வேண்டாம் என்பதைத் தக்வா என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். உயிருக்கு ஆபத்து என்ற அச்சம் வந்துவிட்டால் நோன்பை முறிப்பது கடமையாகிவிடுகிறது என்பது நம் இமாம்கள் தெளிவுபடுத்திய சட்டம். நினைவோடு விழுங்க முடிகிறவருக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

வெயில் ஓட்டத்தை எந்த அளவுக்குத் தின்னும் என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்து உதாரணம் ஒன்றே போதும். மலப்புறத்தைச் சேர்ந்த கே.டி. இர்ஃபான் இந்திய இராணுவத்தில் பணியாற்றியவர், நடைப்போட்டி வீரர். 2012 ஆகஸ்ட் 4 அன்று, ரமளானின் நடுப்பகுதியில், லண்டன் ஒலிம்பிக்கின் 20 கிலோமீட்டர் நடையில் அவர் 1 மணி 20 நிமிடம் 21 விநாடியில் வந்து பத்தாவது இடம் பெற்றார். அன்றைக்கு அது இந்தியாவின் தேசிய சாதனை. ஒன்பது ஆண்டுகள் கழித்து அடுத்தடுத்த போட்டிகள் கடந்து, டோக்கியோ ஒலிம்பிக்கிலும் அவர் நடந்தார். டோக்கியோவின் வெப்பத்துக்கு அஞ்சி நடை, மாரத்தான் போட்டிகளை ஏறக்குறைய 800 கிலோமீட்டர் வடக்கே சப்போரோ நகருக்கு மாற்றியிருந்தார்கள். அங்கும் வெயில் விடவில்லை. 2021 ஆகஸ்ட் 5 மாலை நடந்த அந்தப் போட்டியில் தங்கம் வென்ற இத்தாலியரின் நேரம் 1 மணி 21 நிமிடம் 5 விநாடி. அதாவது குளிர்ந்த லண்டனில் இர்ஃபான் பத்தாவதாக வந்த நேரத்தைவிட, புழுங்கிய சப்போரோவில் உலகின் முதல்வர் எடுத்த நேரம் அதிகம். இர்ஃபானுக்கு அங்கே 51ஆம் இடம்தான் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து அதே ஊரில் நடந்த பெண்கள் மாரத்தானை வெயிலுக்காக ஒரு மணி நேரம் முன்னதாக, காலை ஆறு மணிக்கே தொடங்கினார்கள். 2019இல் தோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மாரத்தான் நள்ளிரவை ஒட்டி நடத்தப்பட்டும், ஓடத் தொடங்கிய 68 பேரில் 40 பேர்தான் முடித்தார்கள். உலகத்தின் முதல் தர வீரர்களுக்கே நேரத்தை மாற்றி, ஊரை மாற்றி ஏற்பாடு செய்கிறார்கள். பெருமாநல்லூரில் ஒரு பிள்ளை தனியாக மதியம் ஒன்றரை மணிக்கு ஓடுகிறான், நாம் கைதட்டுகிறோம்.

இர்ஃபான் நடந்த அதே 2012 ஆகஸ்ட் 4 இரவில்தான் சோமாலியாவில் பிறந்த மோ ஃபரா 10,000 மீட்டரில் பிரிட்டனுக்குத் தங்கம் வென்றார். போட்டிக் காலத்தில் நோன்பை விட்டுப் பிறகு களா செய்வதாக அவர் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். நம் வாட்ஸ்அப் குழுக்களில் ரமளான்தோறும் சுற்றி வருவது இந்தச் செய்தி அல்ல. கூடைப்பந்து வீரர் ஹக்கீம் ஒலாஜுவான் 1995இல் நோன்பு வைத்துக்கொண்டே விளையாடி, அந்தப் பிப்ரவரி மாதத்தின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்திதான் வரும். உண்மையான செய்தி, மகிழ்ச்சியான செய்தி, மாஷா அல்லாஹ். ஆனால் அது குளிர்காலப் பகல், கூரை வேய்ந்த அரங்கம், ஆட்டங்கள் பெரும்பாலும் இரவில். அதை அனுப்பிவிட்டு நம் பிள்ளையைப் பங்குனி வெயிலில் தார்ச்சாலைக்கு அனுப்புவது இரண்டையும் குழப்புவதாகும்.

நோன்பை விடலாமா, வைக்கலாமா என்ற கேள்விக்கு நாம் இங்கே தீர்ப்பு எழுதவில்லை. பயணத்தில் இருப்பவருக்கும் நோயாளிக்கும் அல்லாஹ் சலுகை தந்திருப்பது அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனத்தில் தெளிவாக இருக்கிறது. வெளியூருக்குப் போட்டிக்குச் செல்பவரின் நிலை வேறு, உள்ளூரில் பயிற்சி செய்பவரின் நிலை வேறு. பயிற்சிக்காக முன்கூட்டியே நோன்பை விடலாமா என்பதில் ஆலிம்கள் எளிதாக அனுமதி தருவதில்லை. அவரவர் நம்பும் ஆலிமிடமும் ஒரு மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியது அது. நாம் சொல்வது வரிசையைப் பற்றி. நோன்பை விடுவதா என்று யோசிக்கும் முன், வெயிலை விட முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலான நேரங்களில் முடியும். அபூ இஸ்ராயீலுக்குச் சொல்லப்பட்ட வரிசை அதுதான்.

பயணத்தில் சலுகையை எடுத்துக்கொண்டவரை மஹல்லாவில் குறைவாகப் பேசுவதும் நிற்க வேண்டும். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு பயணத்தில், தாங்க முடியாத வெப்பம். சிலர் கையால் வெயிலை மறைத்துக்கொள்ளும் நிலை. நோன்பு வைத்திருந்தவர்கள் இறங்கியதும் துவண்டு விழுந்துவிட்டார்கள், வைக்காதவர்கள் கூடாரம் அடித்து, ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டினார்கள். இன்றைய நன்மையை நோன்பு வைக்காதவர்கள் கொண்டுபோய்விட்டார்கள் என்ற கருத்தில் நபியவர்கள் சொன்னதாக அந்த ஹதீஸ் முடிகிறது. அன்று அந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் ஈமான் குறைந்தவர் என்று சொல்லவில்லை.

சரி, பிள்ளை எப்போதுதான் பயிற்சி செய்வது? நம் நாளைத் தொழுகை ஏற்கெனவே பிரித்துத் தந்திருக்கிறது. சுபுஹு தொழுது பள்ளியை விட்டு வெளியே வரும்போது நம் ஊரில் காற்று குளிர்ந்திருக்கும். கத்திரியில்கூட ஏழு, ஏழரை மணி வரை ஓடலாம். எட்டரை மணி ஷிப்ட்டுக்கும் அது இடைஞ்சல் இல்லை. ரமளான் அல்லாத நாளில் இதுவே முக்கியப் பயிற்சி நேரம். ரமளானில் சுபுஹுக்குப் பின் கடுமையாக ஓடினால் பகல் முழுவதும் நீரை ஈடுகட்ட வழியில்லை. அப்போது தராவீஹுக்குப் பின் ஒரு மணி நேரம் கடும் பயிற்சி, மஃரிபுக்கு முன் இருபது நிமிடம் மெல்லோட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். மதியத்தில் கைலூலா எனும் சிறு தூக்கம் ஸஹாபாக்கள் வழக்கமாகக் கொண்டிருந்தது. வீரனுக்கு அது பயிற்சியின் ஒரு பகுதி. நம் நோன்புக் கஞ்சியில் நீர், உப்பு, அரிசி, பருப்பு எல்லாம் இருக்கின்றன. கடையில் வாங்கும் வண்ணப் பானங்களுக்கு முன் அதை இரண்டு கோப்பை குடிக்கச் சொல்லுங்கள். மற்ற நாளில் மோர், கம்மங்கூழ், இளநீர் இருக்கவே இருக்கின்றன. ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும்.

போட்டியே வெயிலில் நடக்கும் என்றால் என்ன செய்வது என்று ஒரு பயிற்சியாளர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. உடம்பு வெயிலுக்குப் பழகும். அதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். முதல் நாட்களில் குறைந்த நேரம், குறைந்த வேகம், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுவது. இரத்தத்தின் நீர் அளவு கூடுகிறது, வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதில் உப்புக் குறைகிறது, அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு தணிகிறது. ஆனால் இவையெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே, உடன் ஒருவர் இருந்து செய்ய வேண்டிய காரியம். தாகத்துக்கு உடம்பு பழகுவதில்லை. தண்ணீரின்றி ஓடி ஓடி உடம்பைக் கெட்டிப்படுத்தலாம் என்பது நம் மைதானங்களில் இன்னும் சுற்றும் பழைய பொய். ஆகவே அந்தப் பழக்கத்தை ரமளானுக்கு வெளியே வைத்துக்கொள்வதே சரி. அதோடு, அயர்னிங் டேபிளிலும் சாயப்பட்டறையிலும் நாளெல்லாம் வேகிறவருக்குத் தனியாக வெயில் பயிற்சி தேவையா என்பதையும் யோசிக்க வேண்டும். அவர் உடம்பு கேட்பது ஓய்வைத்தான்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மறைக்க வேண்டியதை மறைத்து ஓடும் நம் மகள்களுக்கு வெயில் இன்னும் கடினம். உலகத்துக்கே விளையாட்டு உடை தைத்து அனுப்பும் திருப்பூரில், வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் மெல்லிய துணியில் தளர்வான முழுக்கை உடையும் தலைமறைப்பும் நம் கம்பெனிகளிலேயே தைக்க முடியும். சிலர் ஏற்றுமதிக்குத் தைக்கவும் செய்கிறார்கள். நம் வீட்டுப் பெண்ணோ அண்ணனின் பழைய காட்டன் சட்டையோடு ஓடுகிறாள், நனைந்தால் அது ஈரச் சாக்காகிவிடுகிறது. அவள் சுபுஹுக்குப் பின் பாதுகாப்பாக ஓட ஓர் இடம் வேண்டும் என்பதையும் ஜமாஅத் பேச வேண்டும். இருட்டில் அனுப்ப அஞ்சித்தான் பல அம்மாக்கள் பத்து மணி வெயிலில் அனுப்புகிறார்கள்.

உடம்புக்கும் நம் மீது உரிமை உண்டு என்று நபியவர்கள் அப்துல்லாஹ் பின் அம்ரு (ரலி) அவர்களுக்குச் சொன்னதை ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அதைத் தானாகக் கடைப்பிடிக்கத் தெரியாது. அந்த வயதில் நமக்கும் தெரியவில்லை. அவன் எங்கே பாராட்டுக் கிடைக்கிறதோ அங்கேதான் ஓடுவான். ஆகவே நம் பாராட்டை முதலில் இடம் மாற்ற வேண்டும். சுபுஹு ஜமாஅத்துக்கு வந்து, பிறகு ஓடி, குறித்த அளவு தண்ணீர் குடித்து, மதியம் தூங்குகிறவனைப் பற்றி இஃப்தார் விரிப்பில் பேசுவோம்.

ரமளான் ஆண்டுக்குப் பத்து, பதினொரு நாள் முன்னால் நகர்ந்து கொண்டிருக்கிறது. இன்னும் சில ஆண்டுகளில் மார்கழிக்கே போய்விடும், அப்போது இந்தப் பேச்சே தேவைப்படாது என்று ஒரு நண்பர் சொன்னார். ரமளான் நகரும், கத்திரி நகராது. நம் பிள்ளைகள் பயிற்சி செய்வதும் இந்த வெயிலில்தான்.

அந்த இளைஞர் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டார். விட்ட அந்த ஒரு நோன்பை ஷவ்வாலிலேயே களா செய்துவிட்டார். இப்போது சுபுஹு முடிந்ததும் பள்ளிவாசல் குழாயில் இரண்டு பாட்டில் நிரப்பிக்கொண்டு கிளம்புகிறார். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, மற்றொன்றைத் திரும்பும் வழியில் அந்த டீக்கடை அண்ணனிடம் கொடுத்து வைக்கிறார். அண்ணன் ஏழரை மணிக்கு மேல் அவரைச் சாலையில் பார்த்தால் சத்தம் போடுகிறாராம்.